பொட்டு வைத்த இன்குபேட்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே சில வருடங்கள் போய்விட்டன. எழுத உட்காருவேன், முதல் வரியோடு மடித்து வைத்துவிடுவேன். என் மகள் செல்வி, "அப்பா, படிச்சவங்க சிரிப்பாங்க, வேண்டாம்" என்றாள். சிரிக்கட்டும். அவர்கள் சிரிப்பதால் நடந்தது நடக்காமல் போய்விடாது. நான் பத்தாவது தாண்டாதவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை கிடையாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சாமி கும்பிடுகிறவன். திருநீறு பூசாமல் காலையில் என் வாயில் தேத்தண்ணி படாது. ஆனால் பேய், செய்வினை, அற்புதம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். சாமி மேலே இருக்கிறார், நம் வேலையை நாம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பக்தி. என் மனைவி பார்வதிக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தபோது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தேவாலாவில் ஒருவர் திருநீறு ஊதினால் கட்டி கரையும் என்றார்கள். நான் கேட்கவில்லை. கோயமுத்தூர் பஸ்ஸில் மடியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனேன். அந்த வருடம் ஆயுத பூசை கழிந்த கொஞ்ச நாளில் அவள் போய்விட்டாள். துக்க வீட்டிலேயே அவளுடைய அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேவாலாவுக்குக் கொண்டு போயிருந்தா பொழைச்சிருப்பா. ஒத்துக்க மாப்ளே" என்றார். "ஒத்துக்க மாட்டேன் மச்சான்" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நான் எப்பேர்ப்பட்டவன் என்று தெரியட்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

குன்னூருக்கு வெளியே சரிவில் இருந்த ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் கொழுந்து உருட்டும் ரோலர் ஓட்டியவன். ஃபேக்டரி மூடிவிட்டார்கள். பிறகு அந்தக் கட்டடத்தை ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்தார்கள். கட்டடத்தோடு நானும் கைமாறினேன். கொழுந்து வாட்டிய மாடியில் கண்ணாடி அறைகள் வந்தன. எனக்குக் கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஐஸ் கொண்டுவருவது, சிலிண்டர் மாற்றுவது என்று உதவியாளர் வேலை. மழை பிடித்தால் அந்தச் சுவரிலிருந்து இன்றைக்கும் தேயிலைத் தூள் வாசம் வரும்.

அங்கே என்ன ஆராய்ச்சி என்று எனக்கு முதலில் தெரியாது. ஹேமா மேடம்தான் சொன்னார். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது பெரியவர் இருப்பார். "கணையத்துல வர்ற கேன்சருங்கண்ணா. அந்தச் செல் எப்படி நகருது, எப்படித் துளைச்சுட்டுப் போகுதுன்னு பார்க்கறேன்" என்றார். எனக்குக் கையில் இருந்த ஐஸ் பெட்டி கனத்துப்போனது. பார்வதி விஷயத்தைச் சொன்னேன். அவர், "பார்க்கறீங்களாண்ணா?" என்று மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டார்.

பார்த்தேன். பாசி படர்ந்த மாதிரி செல்கள் தட்டிலிருந்த ஒவ்வொரு குழியின் அடி முழுவதும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் பிளாஸ்டிக் முனையால் நேராக ஒரு கோடு கீறி, அந்த இடத்தை மட்டும் வெறுமையாக்கியிருந்தார். தோட்டத்தில் காட்டுத்தீக்கு வெட்டிவிடும் பாதை மாதிரி இருந்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிற்கிற செல்கள் ஊர்ந்து வந்து கோட்டை மூடப் பார்க்கும். மருந்து போட்ட குழியில் மெதுவாக மூடினால் மருந்துக்குச் சக்தி உண்டு என்று அர்த்தம். மருந்தில்லாத குழியில் ஒரு நாளில் முக்கால்வாசி மூடிவிடும். இன்னொரு சோதனைக்குக் குட்டிக் கிண்ணங்கள். அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள், அதன்மேல் ஒரு ஜெல்லிப் படலம், கீழே தீனி. ஜெல்லியைக் கரைத்துக்கொண்டு அடிப்பக்கம் வந்த செல்களுக்கு ஊதாச் சாயம் ஏற்றி எண்ணுவார்.

"நகர்றது வேறண்ணா, துளைச்சுட்டுப் போறது வேற. இது ரெண்டும் செய்யும். அதனாலதான் இத்தனை சீக்கிரம் ஆளைக் கொண்டு போயிருது."

இதுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தியமாக எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அன்றிலிருந்து அந்தத் தட்டு இருக்கும் அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம், "இருடி, உனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் துடைப்பேன்.

அந்த அலமாரிதான் இன்குபேட்டர். மனுஷ உடம்பின் சூட்டிலேயே செல்லை வைத்திருக்கும். அறையில் இரண்டு இருந்தன. பழையது ஹேமா மேடம் பொறுப்பு, கதவில் இப்போதைய சூடு மட்டும் தெரியும், முன்பு எவ்வளவு இருந்தது என்று பதிந்து வைக்காது. புதியது அங்கே ஆராய்ச்சி செய்த இன்னொருவர், ஜெரால்டு சார் பொறுப்பு. மலையில் கரண்டை நம்ப முடியாதில்லையா, எது நின்றாலும் ஒன்று மிஞ்சட்டும் என்று ஹேமா மேடம் எதைச் செய்தாலும் ஒரே மாதிரி இரண்டு செட் செய்து, பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாக வைப்பார்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் அப்பா இலங்கையில் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவர். அங்கே ஃபேக்டரியை ஸ்டோர் என்பார்கள், அதில் சுழலும் சக்கரத்தை ரோதை என்பார்கள். ரோதையில் கை கால் மாட்டாமல் காப்பவர் ரோதை முனி. என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தபோது அப்பா முனியையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து, இந்த ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கல்லை நட்டார். பூசையன்று பெல்ட்டை நிறுத்தி, சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் கை வைத்து அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "வேலை செய்றதெல்லாம் இன்னைக்கு ஓய்ஞ்சிரு சாமி." மறுநாள் தேங்காய் உடைத்துப் பூசையை எடுக்கும் வரை ஒரு ஆணியைக்கூடத் தொடவிடமாட்டார்.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்த பிறகும் அதை நான் விடவில்லை. எங்கள் டைரக்டரே சந்தோஷமாகப் பொரியும் கடலையும் வாங்கித் தின்பார். செல் இருக்கும் அறையில் மட்டும் தூசி ஆகாது என்பதால் வாசலிலேயே சூடம் காட்டி நிறுத்திக்கொள்வேன். அந்த வருடம்தான், இன்குபேட்டரின் வெளிக் கதவில் ஒரே ஒரு பொட்டு, தூபம் கிடையாது என்ற பேச்சில், ஹேமா மேடம் உள்ளே வைக்கவிட்டார்.

அன்று லீவு. ஆனாலும் செல் வளர்ந்து தயாராகிவிட்டது என்று காலையிலேயே வந்துவிட்டார். "பூசைக்குக்கூட ஊட்டுக்குப் போகலையா மேடம்?" என்றேன்.

"நமக்குத்தாண்ணா லீவு. செல்லுக்கு லீவு கிடையாது."

கோடு கீறி, படம் எடுத்து, கிண்ணத்தில் செல்லை விட்டு, இரண்டு இன்குபேட்டரிலும் பிரித்து வைத்தார். ஜெரால்டு சாரும் ஏதோ வேலையாக வந்திருந்தார். சந்தனக் கிண்ணத்தோடு நான் புதிய இன்குபேட்டர் பக்கம் போனதும் குறுக்கே நின்றார்.

"அண்ணே, இது ஞானஸ்நானம் வாங்கின மெஷினு. பொட்டெல்லாம் ஒத்துக்காது."

"பொரி ஒத்துக்குமா சார்?"

"பொரி எனக்குக் குடுங்க. ரெண்டு கை. நாட்டுச்சக்கரை தூக்கலா."

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். பழைய இன்குபேட்டருக்கு மட்டும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, கதவின்மேல் கையை வைத்து அப்பாவின் வார்த்தையைச் சொன்னேன். சுவிட்ச் பக்கம் என் கை போகவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். என் கை சுவிட்ச் பக்கம் போகவில்லை. சூடு எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு காட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் அறையைப் பூட்டினோம். வெளியே எதிரில் நிற்கும் ஆள் தெரியாத மாதிரி மஞ்சு இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் நான் பூசையை எடுக்கப் பின்னால் கல்லுக்குப் போவதற்கு முன்பே ஹேமா மேடம் வந்து பழைய இன்குபேட்டரிலிருந்த தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நான் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். ஒரு படம் பார்த்தார், அடுத்தது பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அண்ணா, இது நேத்து எடுத்த படம். இது இன்னைக்கு. நீங்களே பாருங்க."

நம்பினால் நம்புங்கள், இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. மருந்து போட்ட குழி மட்டுமா, மருந்தே படாத குழியிலும் கோடு கீறியது கீறியபடி இருந்தது. செத்துப்போயிருந்தால் செல் உருண்டு மிதக்கும், அது எனக்கே தெரியும். இவை மிதக்கவில்லை. உயிரோடு, ஒட்டியபடி, இரண்டு கரையிலும் வரிசையாக நின்றன. காலையில் பெயர் கூப்பிடுகிற இடத்தில் தோட்டத்து ஆட்கள் நிற்பார்களே, அந்த மாதிரி. கிண்ணத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார். அடிப்பக்கம் வெள்ளையாக, கழுவி வைத்த மாதிரி. ஒன்றுகூடத் துளைத்து வரவில்லை. பிறகு புதிய இன்குபேட்டரிலிருந்த ஜோடியை எடுத்தார். அதில் கோடு பெரும்பாலும் மூடிவிட்டது, கிண்ணத்தின் அடி ஊதா ஊதாவாக இருந்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தேங்காய் கையில் இருக்கிறது, பூசையை எடுக்க வேண்டும். போய் முனிக்கு உடைத்தேன், திரும்பி வந்து இன்குபேட்டரில் காய்ந்திருந்த பொட்டைத் துடைத்தேன். ஹேமா மேடம் தட்டை மறுபடி அதற்குள்ளேயே வைத்திருந்தார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கோடே இல்லை. ஒரு நாளுக்கு மேலாகி மூட வேண்டியதை அந்தப் பகலுக்குள் மூடிவிட்டது.

"ஓடி வந்திருக்குண்ணா" என்றார்.

விஷயம் டைரக்டருக்குப் போனது. கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்க முத்தையா, பூசைன்னு சொல்லி மெஷினை அணைச்சுட்டீங்களா?"

"இல்லீங்க சார்."

"ரோலர் ஓட்டினவரு நீங்க. பூசைக்கு மெஷின் ஓடக்கூடாதுன்னு உங்க ஐதீகம். பக்தியில அணைச்சிருப்பீங்க, மறுநாள் போட்டிருப்பீங்க. தப்பா நினைக்கமாட்டேன்."

"நான் அணைக்கலீங்க சார்."

அவருக்கு முகம் மாறியது. நாளைக்கு எல்லோரும் உட்காரும் கூட்டத்தில், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெரியாமல் நடந்தது என்று விட்டுவிடுவேன், இல்லையென்றால் பொய் சொல்கிற ஆளை செல் அறையில் வைத்துக்கொள்ள முடியாது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வருடா வருடம் என் கையில் வாங்கிப் பொரி தின்ற மனுஷன்.

வெளியே ஹேமா மேடம் படிக்கட்டில் காத்திருந்தார். அவருக்கும் நெருக்கடிதான். இதுதான் அவருடைய ஆராய்ச்சிப் படிப்பின் கடைசிச் சோதனை. உதவியாளர் அணைத்துவிட்டார் என்றால் அந்த ஒரு தட்டைத் தள்ளிவிட்டு மற்றதை வைத்து முடிக்கலாம். காரணம் தெரியவில்லை என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கல்யாணத்தை வேறு தள்ளிப்போட்டு வைத்திருந்தார்.

"ஆமான்னு சொல்லிருங்கண்ணா. உங்களுக்கு வேலை நிக்கும், எனக்கும் முடிஞ்சுரும்."

"நான் அணைச்சேன்னு நீங்களும் நினைக்கிறீங்களா மேடம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லண்ணா. நீங்க அணைக்கலைன்னு எனக்குத் தெரியும். அதே அலமாரியில, அதே தட்டுக்குப் பக்கத்துலயே, சாதாரணத் தோல் செல் ஒரு தட்டு வச்சிருந்தேன். அதுலயும் கோடு கீறித்தான் வச்சேன். அது மூடிருச்சு. சூடு நின்னிருந்தா அதுவும் நின்னிருக்கணும்."

தோல் செல் என்பது காயம் ஆற்றுகிற செல். ஸ்டோர் நிற்கிற பூசையன்றும் வீட்டில் சோறு பொங்குவது நிற்பதில்லையே என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"அப்புறம் ஏன் மேடம் என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்க?"

"நிஜம் என்னன்னு சொல்லத் தெரியலையேண்ணா."

கூட்டத்தில் கேட்டார்கள். எழுந்து நின்றேன், கை கட்டவில்லை. "நான் பொட்டு வச்சேன், எங்கப்பா சொன்னதைச் சொன்னேன். சுவிட்சைத் தொடலீங்க" என்றேன். "அப்ப சாமி வந்து நிறுத்துச்சுங்கறீங்களா?" என்று டைரக்டர் கேட்டதும் நாலைந்து பேர் சிரித்தார்கள். "எனக்குத் தெரியாதுங்க. நான் நிறுத்தலைன்னு மட்டும் தெரியும். தெரிஞ்சதைத்தான் சொல்ல முடியும். என்னை அனுப்பறதுன்னா அனுப்பிக்குங்க, அணைச்சேன்னு மட்டும் சொல்லமாட்டேன்" என்றேன்.

அப்போது ஹேமா மேடம் எழுந்தார். "சார், அவர் அணைக்கலை" என்று தோல் செல் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் மொத்தத்தையும் முதலிலிருந்து செய்தார். என் வேலையும் போகவில்லை. ஆனால் செல் அறைக்குள் இனிமேல் பூசை கூடாது என்று உத்தரவு வந்தது.

அடுத்த வருடம் அதே நாளில் அவர் அதே மாதிரி தட்டு வைத்துப் பார்த்தார், பொட்டு இல்லாமல். செல் எப்போதும் போல நகர்ந்தது. படிப்பு முடிந்து கிளம்புகிற வருடம் பூசைக்கு முன்னால் என்னிடம் வந்தார்.

"அண்ணா, ஒரே ஒரு தடவை. நான் தட்டு வைக்கறேன், நீங்க பொட்டு வச்சு அதையே சொல்லுங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்."

"மாட்டேன் மேடம்."

"உத்தரவுக்குப் பயமா?"

"உத்தரவுக்கு நான் எங்க பயந்தேன்?"

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

பார்வதி படுத்திருந்த வருடம் வீட்டில்தான் ஆயுத பூசை. அவளுடைய கொழுந்துக் கூடை, செடி வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, என் ஸ்பேனர் எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சிகூடத் தங்காமல் சுருண்டு கிடந்தவள் கட்டிலிலிருந்து, "எனக்கு இல்லியா? நானும் வேலை செஞ்சவதானே" என்றாள். அவள் நெற்றியிலும் வைத்து, தலையில் கை வைத்து அதே வார்த்தையைச் சொன்னேன். அன்று மத்தியானம் அவள் எழுந்து உட்கார்ந்தாள். பொரி கேட்டாள். சுண்டலில் உப்பில்லை என்று என்னைத் திட்டினாள். செல்வி பின்னிவிட்ட தலையைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். ராத்திரி முனகாமல் தூங்கினாள். முனி இரங்கிவிட்டார் என்று நம்பினேன். காலையில் பூசையை எடுத்தேன். அதற்குப் பிறகு அந்த நோய் ஒரு நிமிஷம் அவளை விடவில்லை. இத்தனை வேகமாகப் பரவி நான் பார்த்ததில்லை என்று டாக்டரே சொன்னார்.

அன்று ஓய்ந்தது அவள் வலியா, இல்லை அந்த நோயே லீவு எடுத்துக்கொண்டு மறுநாள் தெம்பாக வேலைக்கு வந்ததா? ஹேமா மேடம் "ஓடி வந்திருக்கு" என்று சொன்ன சாயங்காலத்திலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவளுக்குப் பொட்டு வைத்ததைத் தப்பென்று சொல்லமாட்டேன். அவள் சிரித்த அந்த ஒரு பகலை யார் வந்து கேட்டாலும் திருப்பித் தரமாட்டேன். ஆனால் அதற்கு, அந்த நோய்க்கு, இன்னொரு நாள் லீவு என் வாயால் கிடைக்காது.

இன்றைக்கும் பூசையன்று பின்னால் முனி கல்லுக்குப் போகிறேன். "வேலை செய்றதெல்லாம்" என்று மொத்தமாகச் சொல்வதை விட்டுவிட்டேன். அரிவாளே ஓய்ஞ்சிரு, ஸ்பேனரே ஓய்ஞ்சிரு, வாளியே ஓய்ஞ்சிரு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் கும்பிடுகிறேன். முடித்துவிட்டுத் திரும்பும்போது, நான் கூப்பிடாத ஏதோ ஒன்று அந்த வரிசையில் நின்றுகொண்டு தன் பெயர் வருமா என்று காத்திருப்பது போல இருக்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை யாரிடமாவது சொல்வதென்றால் இப்படியே சொல்லுங்கள். முனி வந்து கதவுக்கு முன்னால் நின்றார் என்று கூட்டாதீர்கள், அவர் வந்ததை நான் பார்க்கவில்லை. கிழவன் சுவிட்சை அணைத்திருப்பான் என்று குறைக்கவும் வேண்டாம். நான் அணைக்கவில்லை.